நீலத் துணி கட்டிய வீடு

என் கன்னுக்குட்டி லெஃபா,

இங்கே எல்லோரும் உயிரோடும் உடம்போடும் இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையில் கதவைத் திறக்கும்போதே கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை அறையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போன் எடுத்தால் உன் பக்கத்தில் நாலு பேர் சிரிக்கிற சத்தம் எப்போதும் கேட்கிறது, நான் வாயைத் திறந்தால் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறாய். காகிதத்திடம் சரிம்மா சொல்லி வைத்துவிட முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

சோளம் வீட்டுக்குள் வந்துவிட்டது. மேல் வயலில் பூச்சி விழுந்தது, கீழ் வயல் நன்றாக விளைந்தது. சாம்பல் நிறக் குதிரையின் கால் ஆறிவிட்டது, உன் சித்தப்பா பிட்சோ அதன்மேல் ஏறித்தான் இப்போது சந்தைக்குப் போகிறார், தன் முழங்கால் வலிக்கு அந்தக் குதிரையின் முழங்காலைக் கடன் வாங்கியிருக்கிறார். மலை உச்சியில் காலையில் வெள்ளையாகத் தெரிகிறது, பனிக்காலம் வாசலுக்கு வந்துவிட்டது. போன பனியில் உன் அப்பாவை அந்த ஓடைப் பாதையிலிருந்து போர்வையோடு தூக்கி வந்தார்கள். வருஷம் திரும்புகிறது. அவருக்காகக் கட்டியிருக்கும் என் துக்கக் கறுப்பை அவிழ்க்கும் நாளைக் குறிக்க வேண்டும் என்று சித்தப்பா வந்து உட்கார்ந்தார். அங்கேதான் பேச்சு வந்தது.

அவர் கேட்டது இது. எத்தனை பானை பீர் வைக்கலாம், சோளம் ஊறப்போட எப்போது ஆள் அனுப்பட்டும் என்று கேட்டார். என் கறுப்பை அவிழ்க்கிற அன்று இந்த முற்றத்தில் பீர் கிடையாது என்றேன். அவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டார். மண்ணுல ஊத்த பீர் இல்லாம அண்ணனுக்கு எப்படி அண்ணி சேதி சொல்றது என்றார். தண்ணி ஊத்திச் சொல்லு, செத்தவருக்குக் காது நல்லாவே கேக்கும் என்றேன். அண்ணன் உசுரோட இருந்தப்பவே தண்ணிப் பக்கம் திரும்பிப் பாக்கல, இப்ப திரும்புவாரா என்று சிரித்தார். திரும்பிப் பாக்காததுனாலதான் உன் அண்ணன் மண்ணுக்குள்ள இருக்கார், பிட்சோ என்றேன். அதற்குமேல் அவர் சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, இது பொம்பளை முடிவு பண்ற காரியம் இல்ல அண்ணி, லெஃபா இப்ப இந்த வீட்டுக்குத் தலைவன், அவன் என் முகத்தப் பாத்து வேண்டாம்னு சொல்லட்டும், ஒரு பானைகூட வைக்க மாட்டேன், அவன் சொல்லலைன்னா ஊரே குடிக்கிற அளவுக்கு வைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைத் தப்பு சொல்லாதே. வழக்கம் எப்படியோ அப்படிப் பேசினார். ஆனால் முடிவு இப்போது உன் வாயில் இருக்கிறது. நீ வந்து வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அதைக் குடிக்காத வாயால் சொல்ல வேண்டும். குடித்த வாயால் சொன்னால் கூட்டம் சிரிக்கும், அவர் பானையை ஏற்றிவிடுவார்.

அப்பாவைப் புதைத்த அன்று நீ குழியோரத்தில் விழுந்ததை ஒரே ஒரு தடவை இங்கே எழுதுகிறேன், இனி எழுத மாட்டேன். துக்கத்தில் கால் தடுமாறிவிட்டது என்று சித்தப்பா போர்வையை விரித்து உன்னை மறைத்தார். பக்கத்தில் நின்ற நான்தான் உன் மூச்சை முகர்ந்தேன். இப்போது நீ வேலை செய்கிற சுரங்க வாசலில் ஊதச் சொல்கிற கருவி உன்னைத் திருப்பி அனுப்பியதாக, விடுமுறைக்கு வந்த பையன்கள் பேசிக்கொண்டார்கள். அதனால்தான் போனில் அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கேட்டேன், குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் சேர்ந்து உட்காருகிற கூட்டம். அப்படி ஒண்ணும் இங்க கிடையாதும்மா, கேட்டுப் பாத்துட்டேன் என்றாய். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன்னை ஓர் இடத்துக்குப் போ என்று சொல்வதற்கு முன்னால் அது எப்படிப்பட்ட இடம் என்று பார்த்துவிட வேண்டும் என்று நானே தேடிப் போனேன்.

தேடுவது லேசான வேலை இல்லை என்று இப்போது எனக்கும் தெரியும். கடைக்காரரிடம் கேட்டேன், குடிக்கிற கூட்டம்னா காட்டுறேன், விடுற கூட்டம் எனக்கென்ன தெரியும் என்றார். சர்ச்சில் கேட்டால் ஜெபம் செய்யச் சொன்னார்கள், செய்துகொண்டுதான் இருக்கிறேன் என்றேன். கடைசியில் கிளினிக்கில் இருக்கும் நர்ஸ் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ஆத்துக்கு அந்தப் பக்கம், மில்லுக்குப் பின்னால மாதாத்தோ வீடு, வியாழக்கிழமை மத்தியானம் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாதாத்தோ வீடு என்ன வீடு என்று உனக்கே தெரியும். உன் அப்பா சம்பளம் வாங்கி ஊருக்கு வந்தால் முதல் மிதி அந்த வாசலில்தான். கறுப்பு கட்டியவளைக் கேலி செய்கிறாயா என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை, அவங்க பீர் காய்ச்சுறத விட்டு ரொம்ப நாளாச்சும்மா, ரத்தம் ரத்தமா வாந்தி எடுத்து இங்கதான் கிடந்தாங்க, நீங்க போய்ப் பாருங்க என்றாள்.

போனேன். ஆற்றில் தண்ணீர் குறைவுதான். மில் அன்று ஓடவில்லை, ஆனால் மாதாத்தோ வீட்டுச் சுவரோரம் சின்னச் சின்னச் சோள மூட்டைகள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. எனக்குப் புரியவில்லை, பிறகுதான் சொன்னார்கள். அங்கே வருகிற எல்லோரும் வீட்டில் மில்லுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். அதே மூட்டையைத் தலையில் தூக்கி வருவது, அதையே திருப்பித் தூக்கிப் போவது. ஒருவருடைய சோளத்தில் வண்டு பிடித்தே விட்டதாம், பெண்டாட்டி மட்டும் இன்னும் மாவுக்குக் காத்திருக்கிறாளாம். குடிக்கப் போகும்போது யாரும் மூட்டை தூக்குவதில்லை, பாட்டுப் பாடிக்கொண்டே போகிறார்கள். விடப் போகும்போதுதான் நம் ஆட்களுக்கு ஒளிய இடம் வேண்டும்.

வாசலில் செச்சபா என்கிறவர் நின்றார். உன்னைப் போல் சுரங்கத்தில் இருந்தவர், இப்போது அவர்தான் அந்தக் கூட்டத்தை நடத்துகிறார். நீங்க குடிக்கிறீங்களாம்மா என்று கேட்டார், சாப்பிட்டீங்களா என்று கேட்பது போலக் கேட்டார். இல்லை, வீட்டுக்காரர் குடிச்சுப் போய்ச் சேர்ந்தார், மகன் குடிக்கிறான், அவனுக்காக வந்தேன் என்றேன். அவன் மருந்த நீங்க குடிக்க முடியாதும்மா என்றார். குடிக்க வரலைங்க, என்ன மருந்துன்னு மோந்து பாத்துட்டுப் போக வந்தேன் என்றேன். அவர் சிரித்து உள்ளே வாங்க என்றார். ஆனால் உள்ளே இருந்த ஒரு பெண், கறுப்பு கட்டினவங்க நடுவுல வந்து உக்காந்தா எங்களுக்கு ஆகாது, ஏற்கெனவே எங்க தலையில ஏறினது போதும் என்றாள். அவள் சொன்னது வழக்கம்தான். கறுப்பு கட்டியவளுக்கு எந்தக் கூட்டத்திலும் கதவோரம்தான் இடம். மாதாத்தோ ஒரு முக்காலியை எடுத்து வாசற்படிக்கு வெளியே போட்டாள், அங்கேயே உட்கார்ந்தேன். உள்ளே பேசுவதும் கேட்டது, வெளியே பாதையும் தெரிந்தது.

நான் நினைத்ததுபோல் அங்கே யாரும் யாரையும் திட்டவில்லை. பிரசங்கமும் இல்லை. ஒவ்வொருவராகப் பெயரைச் சொல்லி, தனக்கு நடந்ததைத் தானே சொன்னார்கள், ஒருவர் சொல்லும்போது மற்றவர் குறுக்கே பேசவில்லை. ஒரு பெரியவர், இன்னைக்கு வர்ற வழியில மூணு வீட்டுல பீர் இருக்குன்னு வெள்ளைத் துணி பறந்துச்சு, மூணையும் தாண்டிட்டேன், நாலாவது வீட்டுல துணி ஏறியிருந்தா நீங்க என்னப் பாத்திருக்க மாட்டீங்க என்றார், எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். மாதாத்தோ பேசியதுதான் எனக்கு ஆச்சரியம். ஊத்திக் கொடுக்கிறவ தப்பிச்சுக்குவான்னு நெனைக்காதீங்க, ஒவ்வொரு பானையிலயும் முதல் சொம்பு எனக்குத்தான் போச்சு என்றாள். முடிந்ததும் தேநீரும் ரொட்டியும் கொடுத்தார்கள். எனக்கு மாதாத்தோ வாசலுக்கே கொண்டுவந்தாள். முன்பெல்லாம் அவளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அன்று அவள் கையால் வாங்கிக் குடித்தேன்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமை தவறாமல் போகிறேன், வெயில் சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன், கறுப்பு கட்டியவளுக்கு உள்ள அந்தக் கட்டுப்பாட்டை மீறவில்லை. சும்மா உட்கார்ந்து தேநீர் குடிப்பவளாக இருக்கக் கூடாது என்று ஒரு நாள் சீக்கிரமே போய் அந்த அறையைக் கூட்டி, ஜன்னல் திரையைக் கழற்றித் துவைத்தேன். பழைய புகையெல்லாம் போய் வெள்ளைவெளேர் என்று வந்தது. கொடி கட்ட இடமில்லை. வாசலில் மாதாத்தோவின் பழைய கம்பம் நின்றது, அதன் உச்சியில் கட்டினால் காற்றில் சீக்கிரம் காயும் என்று கட்டிவிட்டேன். நம் ஊரில் கம்பத்தில் வெள்ளை ஏறினால் பீர் புளித்துக் குடிக்கத் தயார் என்று நாய்க்குக்கூடத் தெரியும். இத்தனை வருஷம் இங்கே வாழ்ந்த எனக்கு அந்த நேரம் தோன்றவில்லை, துணி காய வேண்டும் என்கிற ஒரே நினைப்பு.

உள்ளே செச்சபா பேசிக்கொண்டிருக்கிறார், பாதையில் மூன்று ஆண்கள் தகரக் குவளையோடு பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறார்கள். ஒருவன் என்னைப் பார்த்து, என்னம்மா கறுப்பக் கட்டிக்கிட்டு கடை தொறந்துட்டீங்க, வீட்டுக்காரர் வாசனை புடிச்சு எழுந்து வந்துடப் போறார் என்றான். அவர் வந்தா அவருக்கும் டீதான், இங்க பீர் கிடையாது, அது காயப்போட்ட திரை என்றேன். அவன் கம்பத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மலையேறி வந்தேனே ஒரு திரைக்காக என்று திட்டினான். இரண்டு பேர் திரும்பிப் போய்விட்டார்கள். மூன்றாவது ஆள் தெபெல்லோ, அப்பாவோடு ஆட்டு ரோமம் கத்தரிக்கப் போவாரே அவர்தான், போகாமல் நின்றார். உள்ளே பேச்சு கேட்கிறது, குவளையைக் கையில் சுற்றிக்கொண்டே நிற்கிறார். நான் ஒன்றும் புத்தி சொல்லவில்லை. டீ ஆறிடும் அண்ணே என்று மட்டும் சொன்னேன். கொண்டுவந்த குவளையிலேயே வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். அடுத்த வாரமும் வந்தார், வாசற்படியில் உட்கார்ந்தார். இப்போது உள்ளே உட்காருகிறார். ஒரு தடவை நடுவில் வழுக்கிக் குடித்துவிட்டார், வழுக்கின மறு வாரம் வரும்போது முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு வந்தார், ஆனால் வந்தார். நீ கவனிக்க வேண்டியது அந்த வந்தார் என்கிற சொல்லைத்தான்.

அன்றைக்கு செச்சபாவுக்கு என் மேல் கோபம். வெள்ளையப் பாத்ததும் எனக்கே தொண்டையில ஊறிச்சும்மா, முதல்ல இறக்குங்க என்றார். இறக்கினேன். ஆனால் விடவில்லை. பீருக்கு வெள்ளைத் துணி உண்டு, கறிக்குச் சிவப்பு உண்டு, கீரைக்குப் பச்சை உண்டு, இந்தக் கூட்டத்துக்கு மட்டும் ஒரு அடையாளமும் இல்லையென்றால் தேடுகிறவன் எங்கே போய்த் தேடுவான் என்று கேட்டேன். ஊர் பேசுமே என்றார்கள். நாம மூட்ட தூக்குறதப் பத்தி ஊர் ஏற்கெனவே பேசுது, மில்லுக்காரர் எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிக்கிறார் என்று தெபெல்லோதான் உண்மையைப் போட்டு உடைத்தார். மாதாத்தோ தன் மகளின் பழைய பள்ளிக்கூடப் பாவாடையைக் கிழித்துக் கொடுத்தாள், நல்ல நீலம். அதை ஏற்றிய முதல் வாரம் நீலம் என்றால் மீன் கடையாக இருக்கும் என்று நினைத்து இரண்டு பெண்கள் சட்டியோடு வந்து மீன் என்ன விலை என்று கேட்டார்கள். இப்போது கேலி அடங்கிவிட்டது. இங்க என்ன விக்கிறீங்க என்று கேட்டால் ஒண்ணும் விக்கல, உக்காருங்க என்கிறேன். ஆகாது என்று சொன்ன அந்தப் பெண்ணே போன வாரம் என் முக்காலியை உள்ளே இழுக்கப் பார்த்தாள். நான்தான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வாசலில் ஓர் ஆள் வேண்டும்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே கூட்டம் கிடையாது என்றாயே, செச்சபா அந்த ஊரில்தான் குடியை விட்டாராம். உங்கள் ஹாஸ்டலுக்குப் பின்னால் ரயில் பாதையைத் தாண்டினால் சிவப்புத் தகரக் கூரை போட்ட சர்ச் இருக்கிறதாம், முன்கதவு பூட்டியிருக்கும், பக்கத்துக் கதவைத் தள்ளச் சொன்னார். அவர் போனது பழைய காலம், இப்போது கிழமை மாறியிருக்கலாம், இடமும் மாறியிருக்கலாம். மாறியிருந்தால் அங்கே கூட்டித் துடைக்கிறவரைக் கேள், எந்த அறையில் எந்த நாளில் நாற்காலி போடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். கிளினிக்கில் கேள். சேர்ந்து குடிக்கிறவர்களிடம் கேட்காதே, அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டார்கள். முன்னால் உங்களோடு குடித்துவிட்டு இப்போது சம்பள நாளில் சத்தமில்லாமல் அறைக்குத் திரும்புகிற ஓர் ஆள் எந்த ஹாஸ்டலிலும் இருப்பான், நீங்கள் எல்லோரும் சேர்ந்து கேலி செய்வீர்களே அவன், அவனைக் கேள். அவர்கள் வேறு பாஷை பேசினால் பேசட்டும், சுரங்கத்துக்குள் அவர்களோடு பேசுகிறாய்தானே. முதல் நாள் வாயே திறக்க வேண்டாம், பெயரைக்கூடச் சொல்ல வேண்டாம், உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வா. அந்தக் கூட்டம் பிடிக்காவிட்டால் வேறு கூட்டம் தேடு, ஒன்றில் மனது ஒட்டவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் விட்டுவிடாதே. ஒரேயடியாக நிறுத்தும்போது கை நடுங்கினாலோ இல்லாத உருவம் தெரிந்தாலோ தனியாகப் படுத்துக் கிடக்காதே, உடனே டாக்டரிடம் போ, அதில் ஆள் போய்விடுவதும் உண்டு என்று நர்ஸ் கண்டிப்பாக எழுதச் சொன்னாள்.

சித்தப்பாவிடம் கடைசியாகச் சொல்லிவிட்டேன். லெஃபா வந்து வேண்டாம் என்று சொன்னால் தண்ணீர் ஊற்றி என் கறுப்பை அவிழ்க்கட்டும், ஆடு அடிக்கட்டும், ஊர் வயிறாரச் சாப்பிட்டுப் போகட்டும். அவன் சொல்ல முடியாத நிலையில் வந்தால் நான் இதை அவிழ்க்க விட மாட்டேன், இன்னொரு பனிக்காலமும் கட்டிக்கொண்டிருப்பேன். என்ன பிடிவாதம் அண்ணி என்றார். இது துணி பிட்சோ, எனக்குக் கனக்கல, இன்னொரு தடவ குழியோரம் நிக்கிறதுதான் கனக்கும் என்றேன். உன்னைப் பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அம்மா சொன்னால் செய்வாள் என்று உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன். அந்தக் கூட்டத்தில் யாரும் என்னை என் பெயரால் கூப்பிடுவதில்லை, மாலெஃபா, லெஃபாவுடைய அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்த வீட்டில் உன் பெயர் சொல்லப்படுகிறது. ஆள்தான் வரவில்லை.

நம் முன்னோர் உன்னைச் சுற்றி நிற்கட்டும், கர்த்தர் உன் நெஞ்சுக்குச் சூடு கொடுக்கட்டும், பூமிக்குள் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் மேலே ஏறி வா. தடித்த போர்வையை டாக்ஸிக்காரரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், அதை யாருக்கும் அடகு வைக்காதே. போய்விட்டு வந்தால் போனில், அம்மா டீ நல்லா இருந்துச்சு என்று மட்டும் சொல், பக்கத்தில் யார் இருந்தாலும் பரவாயில்லை, எனக்குப் புரிந்துவிடும்.

உன்னைச் சுமந்தவள்,
மாலெஃபா

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுபடியும் பிரித்தேன். இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன், ஆனால் எழுதாமல் தூக்கம் வராது. நீலத் துணி கட்டிய அன்று மாதாத்தோ கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள், உங்க வீட்டுக்காரர் சாகறதுக்கு முன்னால ஒரு வியாழக்கிழமை இங்க வந்தார் அக்கா, நாங்க உள்ள உக்காந்திருந்தோம், இதே இடத்துல நின்னார், தொப்பியக் கையில எடுத்துட்டார், நான் ஜன்னல் வழியா பாத்தேன், பழைய பழக்கத்துல பீர் கேக்க வந்திருக்கார்னு நெனச்சு எழுந்து போகல, கொஞ்ச நேரம் நின்னுட்டுத் தொப்பியப் போட்டுக்கிட்டுப் போயிட்டார் என்று. பீர் கேட்க வருகிறவன் தொப்பியைக் கழற்ற மாட்டான், லெஃபா. அதனால்தான் நான் அந்த முக்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை, வருகிற ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்றைச் சொல்லிக் கூப்பிடுகிறேன், சிலர் வருகிறார்கள், சிலர் போய்விடுகிறார்கள். நடையும் சிரிப்பும் பிடிவாதமும் உனக்கு அப்படியே அவருடையது, அதனால் உன்னைத்தான் கேட்க முடிகிறது. அன்றைக்கு அந்த வாசலில் யாராவது என்ன சொல்லிக் கூப்பிட்டிருந்தால் உன் அப்பா உள்ளே வந்திருப்பார்?